அத்தைக்கு மீசை முளைத்தால்

'அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பா.' இதைக் கேட்கும் யாரும் அத்தையின் மேலுதட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நடக்காத காரியத்தைப் பற்றிய பேச்சு என்று நமக்குச் சொல்லாமலே புரிந்துவிடுகிறது. ஆனால் அந்த வாக்கியத்தில் எந்தச் சொல் அதைச் சொல்கிறது? தேடிப் பாருங்கள், ஒன்றும் கிடைக்காது. 'மழை பெஞ்சா குடை எடுத்துக்கோ' என்பதிலும் அதே 'ஆ', 'மீசை முளைச்சா' என்பதிலும் அதே 'ஆ'. பெய்யக்கூடிய மழைக்கும் முளைக்கவே போகாத மீசைக்கும் தமிழ் ஒரே உருபை மாட்டி அனுப்பிவிடுகிறது. மீதியைக் கேட்பவர் பார்த்துக்கொள்ள வேண்டியது.

ஆங்கிலம் அப்படி விடுவதில்லை. மழைக்கு 'இஃப் இட் ரெய்ன்ஸ்'. மீசைக்கு 'இஃப் ஷி ஹேட் எ மஸ்டாஷ்'. 'ஹேஸ்' இல்லை, 'ஹேட்'. அத்தைக்குப் போன வருஷம் மீசை இருந்ததா என்று அந்த 'ஹேட்' கேட்கவில்லை. இது வெறும் கற்பனை என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறது, அவ்வளவுதான்.

திருப்பூரில் மாலை நேரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் ஆர்டரைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர், டாக்குமென்டேஷன் வேலை பார்க்கிறவர்கள். பையருக்கு, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு, மெயில் எழுதித்தான் பிழைப்பு. பள்ளியில் 'இஃப் கிளாஸ்' படிக்காதவர் அவர்களில் யாரும் இல்லை. கேட்டால் ஒப்பிப்பார்கள்: டைப் ஒன்றுக்கு வி-ஒன், வில்; டைப் இரண்டுக்கு வி-டூ, வுட்; டைப் மூன்றுக்கு ஹேட் ப்ளஸ் வி-த்ரீ, வுட் ஹேவ் ப்ளஸ் வி-த்ரீ. (வி-ஒன், வி-டூ, வி-த்ரீ என்பவை 'கோ, வென்ட், கான்' போல வினையின் மூன்று வடிவங்கள்.) கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னாலும் நிரப்பிவிடுவார்கள். வாக்கியத்தின் ஒரு பாதி அச்சிலேயே இருக்கும்போது மறுபாதியைப் பொருத்துவது என்ன கஷ்டம்? சொந்தமாகப் பேசும்போது இரண்டு பாதியும் காலி. எந்த டைப்பை எடுப்பது என்று சூத்திரம் சொல்லித் தரவில்லை. மூன்றையும் ஒரே சரக்கின் மூன்று விலைகள் மாதிரி மனப்பாடம் செய்ததோடு சரி.

வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு நான் வகுப்பில் சொல்லும் உதாரணம் கொஞ்சம் கனமானது. கழுத்தில் ஒரு கட்டி, பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கிறார்கள். டாக்டர் சொல்கிறார்: 'இஃப் இட் இஸ் கேன்சர், தி பயாப்ஸி வில் ஷோ இட்.' இருக்கலாம், இல்லாமலும் போகலாம், ரிசல்ட் வரட்டும் என்கிறார். அதே டாக்டர் 'இஃப் இட் வேர் கேன்சர், தி பயாப்ஸி வுட் ஷோ இட்' என்று சொன்னால் குடும்பம் கொஞ்சம் மூச்சு விடலாம். அப்படி இருக்கும் என்று தான் நினைக்கவில்லை என்பதை அவர் அந்த 'வேர்', 'வுட்' இரண்டிலும் வைத்துவிட்டார். தமிழில் இரண்டையும் நாம் 'கேன்சரா இருந்தா பயாப்ஸில தெரியும்' என்றுதான் கேட்டுக்கொள்வோம். ஆறுதல் வந்த வழியிலேயே தொலைந்துவிடும்.

இந்த 'வேர்', 'வுட்', 'ஹேட்' எல்லாம் பார்க்க இறந்தகாலம். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. 'நாளைக்கு நடப்பதற்கு எதற்கு சார் பாஸ்ட் டென்ஸ்?' என்று கேட்காத பேட்ச் கிடையாது. கேள்வி நியாயமானது. ஆங்கிலத்தில் இறந்தகால வடிவம் காலத்தை மட்டும் காட்டுவதில்லை, தூரத்தையும் காட்டும். நேற்று என்பது இன்றிலிருந்து தள்ளி இருக்கிறது; கற்பனை என்பது நிஜத்திலிருந்து தள்ளி இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள். இதைப் பிடித்துக்கொண்டால் பல விஷயங்கள் தானாக வந்து சேரும். 'ஐ விஷ் ஐ நியூ' என்பதில் 'நியூ' ஏன்? இப்போது தெரியாது, அதனால். 'இட்ஸ் டைம் யூ வென்ட் டு பெட்' என்று பிள்ளையிடம் சொல்லும்போது 'வென்ட்' ஏன்? இன்னும் போகவில்லை, அதனால். 'ஐ வான்டட் டு ஆஸ்க் யூ சம்திங்' என்று பக்கத்தில் நின்றுகொண்டே கேட்பதிலும் அதே தூரம்தான், அங்கே மரியாதைக்காக ஒரு அடி தள்ளி நிற்கிறார்கள்.

'வுட்' என்பது 'வில்'லின் இறந்தகாலம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அது ஏதோ தனிச் சொல் என்றே நினைப்பு. ஆகவே டைப் இரண்டு என்பது டைப் ஒன்றின் இரண்டு பாதியையும் ஒரு படி பின்னால் தள்ளியது. ஹேவ் ஹேட் ஆகிறது, வில் வுட் ஆகிறது. டைப் மூன்று இரண்டு படி தள்ளியது: ஒரு படி நிஜமில்லை என்பதற்கு, இன்னொரு படி உண்மையிலேயே நடந்து முடிந்த காலம் என்பதற்கு. 2002இல் ஹடில்ஸ்டன், புல்லம் என்ற மொழியியலாளர்கள் வெளியிட்ட பெரிய கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கண நூல் இந்த ஒன்று, இரண்டு, மூன்று கணக்கை எடுத்துக்கொள்வதே இல்லை. திறந்த நிபந்தனை, தொலைவான நிபந்தனை என்று இரண்டாகத்தான் பிரிக்கிறது. என்னைக் கேட்டால் பள்ளியிலும் அப்படியே சொல்லிக்கொடுக்கலாம். மூன்று டைப் என்பது கேள்வித்தாள் தயாரிக்க வசதி.

'தொலைவு' என்று சொல்வதில் இன்னொரு லாபமும் உண்டு. டைப் இரண்டும் மூன்றும் 'நடக்கவே நடக்காதது' என்று பாடம் சொல்லும். அது முழு உண்மை இல்லை. 1951இல் ஆலன் ஆண்டர்சன் என்ற தத்துவவாதி காட்டிய உதாரணம் இது: நோயாளியைப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்கிறார், அவர் ஆர்சனிக் என்ற விஷத்தைச் சாப்பிட்டிருந்தால் இப்போது தெரிகிற இதே அறிகுறிகள்தான் தெரிந்திருக்கும் என்று. வடிவம் அச்சு அசல் டைப் மூன்று. ஆனால் ஆர்சனிக்தான் சாப்பிட்டிருக்கிறார் என்று நிறுவுவதற்காகவே டாக்டர் அப்படிப் பேசுகிறார். விஷயத்தைக் கொஞ்சம் எட்ட வைத்துப் பார்க்கிறார், இல்லை என்று அடித்துச் சொல்லவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். டைப் மூன்றுதான் கடினம் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். தமிழ் பேசுகிறவருக்கு அதுதான் இருப்பதிலேயே சுலபம். 'நீ சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்.' இதை ஆங்கிலத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 'இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்.' சொல்லி-இருந்தா என்பதில் 'இருந்த்' இருக்கிறது, ஹேட் போல இறந்தகாலம். வந்து-இருப்பேன் என்பதில் 'இருப்பேன்' இருக்கிறது, வுட் ஹேவ் போல. வினையும் துணைவினையும் கிட்டத்தட்டப் பூட்டும் சாவியுமாகப் பொருந்துகின்றன. நம் பாட்டிகள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை டைப் மூன்று பேசுகிறார்கள். 'அன்னைக்கே அந்த இடத்தை வாங்கிப் போட்டிருந்தா போன வருஷமே கோடி ரூபா போயிருக்கும்' என்பதைவிடச் சுத்தமான டைப் மூன்றை எந்த இலக்கணப் புத்தகமும் தராது.

உண்மையில் இடறுவது டைப் இரண்டில். தமிழில் அதற்கென்று தனி வடிவம் இல்லை. 'பணம் இருந்தா வாங்குவேன்.' நாளைக்குச் சம்பளம் வந்தால் வாங்குவாரா, இல்லை வாங்க வக்கில்லை என்கிறாரா? வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதனால் நம் ஆட்களுக்கு எல்லாமே 'இஃப் ஐ ஹேவ் மணி, ஐ வில் பை' என்றுதான் வரும். தமிழுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. 'பணம் மட்டும் இருந்தா' என்று ஒரு 'மட்டும்' போடுவோம். அல்லது கேள்வியாகத் திருப்பிவிடுவோம்: 'எங்கிட்டப் பணம் இருந்தா நான் ஏன் இங்க வந்து நிக்கிறேன்?' அந்த 'ஏன்' வந்தவுடன் பணம் இல்லை என்பது உறுதி. அல்லது இல்லாத இறந்தகாலத்துக்கே தாவிவிடுவோம்: 'கேன்சரா இருந்திருந்தா இந்நேரம் தெரிஞ்சிருக்கும்.' டாக்டர் தமிழில் அந்த ஆறுதலைச் சொல்ல நினைத்தால் இப்படித்தான் சொல்வார். வகுப்பில் இதைத்தான் கேட்கச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் யோசிப்பதற்கு முன், உன் தமிழ் வாக்கியத்தில் 'மட்டும்' சேர்த்துப் பார். பொருந்தினால் வி-டூ, வுட். பொருந்தாவிட்டால் வி-ஒன், வில். நூற்றுக்கு நூறு சரியாக வராது, ஆனால் சூத்திரத்தைவிட நன்றாக வேலை செய்கிறது.

ஒரு வேடிக்கை. நம் 'செய்தால்' என்பதைப் பிரித்தால் செய்-த்-ஆல். நடுவில் உட்கார்ந்திருப்பது இறந்தகால இடைநிலை. வந்தால், போனால், சொன்னால், படித்தால் எல்லாம் இறந்தகால அடியிலிருந்தே பிறக்கின்றன. தொல்காப்பியம் வினையெச்சங்களை அடுக்கும்போது நிபந்தனைக்குச் சொல்வது 'செயின்' (செய்தால்) என்ற வடிவத்தை. அதில் காலம் காட்டும் எழுத்து எதுவும் இல்லை. இன்றைய பேச்சுத் தமிழில் 'வரின்', 'செயின்' போய் 'வந்தா', 'செஞ்சா' மட்டும் நிற்கிறது. அதாவது 'நாளைக்கு வந்தா' என்று சொல்லும்போது நாமும் எதிர்காலத்துக்கு இறந்தகால அடியைத்தான் போடுகிறோம். 'எதற்கு சார் பாஸ்ட் டென்ஸ்' என்று கேட்ட பையனிடம் இதைப் பலகையில் எழுதிக் காட்டினால் சிரிப்பான்.

தனி வடிவம் இல்லாவிட்டால் அந்த எண்ணமே வராது என்று சிலர் கிளம்புவார்கள். சீன மொழியைப் பற்றி ஆல்ஃபிரட் ப்ளூம் என்ற ஆய்வாளர் 1981இல் அப்படித்தான் எழுதினார். சீன மொழியில் வினைக்குத் தனிக் குறி இல்லாததால் நடக்காததைக் கற்பனை செய்து பேசுவது அவர்களுக்குக் கடினம் என்று. டெரி ஆவ் என்ற இன்னொரு ஆய்வாளர் 1983இல் அதே மாதிரிக் கதைகளை இயல்பான சீன நடையில் கொடுத்துப் பார்த்தார். படித்தவர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. அத்தை மீசை நம் கையில் இருக்கும்போது இதற்கு வெளிச் சாட்சி வேண்டியதில்லை.

சில இடங்களில் தமிழ் ஆங்கிலத்தைவிடக் கூர்மையாகவே பிரிக்கிறது. தத்துவப் பாடங்களில் புகழ்பெற்ற ஒரு ஜோடி உண்டு. எர்னஸ்ட் ஆடம்ஸ் என்ற தத்துவவாதி 1970இல் தொடங்கிவைத்தது, பின்னால் சற்று மாறிப் பரவியது. 1963இல் டல்லஸில் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டதை வைத்து அமைத்தது. சுட்டதாகக் கைதானவர் ஆஸ்வால்ட். பரவிய வடிவத்தைத் தமிழில் சொல்கிறேன். ஒன்று: 'ஆஸ்வால்ட் கென்னடியைக் கொல்லவில்லை என்றால் வேறு யாரோ கொன்றிருக்கிறார்கள்.' இதை யாரும் மறுக்க முடியாது. கென்னடி செத்தது நிஜம். இரண்டு: 'ஆஸ்வால்ட் கென்னடியைக் கொல்லாமல் இருந்திருந்தால் வேறு யாராவது கொன்றிருப்பார்கள்.' இதை நம்ப ஒரு பெரிய சதிக் கதையையே நம்ப வேண்டும். ஆங்கிலத்தில் 'டிடின்ட்', 'ஹேடின்ட்' என்ற சின்ன வித்தியாசத்தில் தொங்குகிற பொருள், தமிழில் 'இல்லை என்றால்', 'இருந்திருந்தால்' என்று காதில் அறைகிற மாதிரி வருகிறது.

ஆனால் இந்த 'என்றால்' நம் ஆங்கிலத்தில் ஒரு தனி ரகளை செய்திருக்கிறது. 'அன்பு என்றால் என்ன?' என்பதில் அது பொருள் கேட்கிறது. 'வந்தீங்கன்னா' என்பதில் அது நிபந்தனை. பேச்சில் இரண்டும் 'ன்னா'. விளைவு, 'யூ கம் டுமாரோ மீன்ஸ், ஐ வில் கிவ் தி சாம்பிள்.' தமிழ்நாட்டில் இதைக் கேட்டால் எல்லோருக்கும் புரியும், தமிழ்நாட்டைத் தாண்டினால் பலருக்கும் புரியாது. 'சப்போஸ் இஃப்' இன்னொன்று. 'ஒருவேளை வந்தா' என்று நாம் இரண்டு சொல் போடுகிறோம். அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் இரண்டைச் சேர்க்கிறோம். ஒன்று போதும். 'சப்போஸ் வரலைன்னா?' என்று தமிழிலேயே கேட்கிற அளவுக்கு அந்தச் சொல் நம்முடையதாகிவிட்டது என்பது வேறு கதை. 'அன்லெஸ் யூ டோன்ட் பே' என்பது மூன்றாவது. அன்லெஸ்ஸிலேயே ஓர் 'இல்லை' ஒளிந்திருக்கிறது. 'கட்டாவிட்டால்' என்பதை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு டோன்ட் போட்டால் அர்த்தம் தலைகீழ்.

'இஃப் ஹி வில் கம்' என்பதை எல்லாரும் தமிழின் தலையில் கட்டுவார்கள். 'வந்தால்' என்பதில் எதிர்காலமே இல்லையே, தமிழ் எப்படிக் காரணமாகும்? 'வருவான்னா சொல்லு' என்ற வடிவம் வேண்டுமானால் காரணமாக இருக்கலாம். பெரும்பாலும் 'டுமாரோ' என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாக 'வில்'லைத் தேடுகிறது. ஆங்கிலத்தில் இஃப் பக்கத்தில் 'வில்' வரவே கூடாது என்பதும் இல்லை. 'இஃப் யூ வில் வெயிட் எ மினிட்' என்று ரிசப்ஷனில் சொல்வது தயவு செய்து காத்திருக்க விருப்பம் இருந்தால் என்பதற்கு. அங்கே அது காலம் இல்லை, சம்மதம்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது 'வுட்'. இஃப்பே இல்லாத இடத்தில் தனியாக அலைகிற வுட். 'தி ஆஃபீஸ் வுட் ரிமெய்ன் க்ளோஸ்ட் டுமாரோ.' 'த கூட்ஸ் வுட் பி ஷிப்ட் ஆன் ஃப்ரைடே.' வில் என்றால் அதட்டுவது போல இருக்கிறது, வுட் என்றால் பணிவு என்று எங்கிருந்தோ ஓர் எண்ணம். 'வுட் யூ ப்ளீஸ்' படித்ததிலிருந்து வந்ததாக இருக்கலாம். ஆனால் ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ இருக்கும் பையர் அந்த வெள்ளிக்கிழமை வரியைப் படித்ததும் அடுத்த வரியில் ஒரு 'இஃப்' தேடுவார். சரக்கு போயிருக்கும், ஆனால் ஏதோ தடை, என்னவென்று சொல்லவில்லையே என்று தோன்றும். நாம் கொடுத்தது உறுதி, அவருக்குப் போய்ச் சேர்ந்தது தயக்கம். உறுதியாகச் சொல்கிற இடத்தில் வில் போட்டால் ஒன்றும் மரியாதைக் குறைவு இல்லை.

இதைவிட மோசமானது 'வுட் ஹேவ்'. டைப் மூன்றில் நமக்கு உதவிய அதே 'வந்திருப்பேன்' இங்கே கழுத்தறுக்கிறது. தமிழில் 'அம்மா இந்நேரம் சென்னை போய்ச் சேர்ந்திருப்பாங்க' என்றால் ஊகம், சந்தோஷமான ஊகம். அதை அப்படியே 'மை மதர் வுட் ஹேவ் ரீச்ட் சென்னை பை நவ்' என்று சொன்னால், வெளிநாட்டுக்காரர் காதில் 'போய்ச் சேர்ந்திருப்பாங்க, ஆனா...' என்று விழ நிறைய வாய்ப்பு உண்டு. என்ன ஆயிற்று உங்கள் அம்மாவுக்கு என்று கேட்டாலும் கேட்பார். ஊகத்துக்கு 'வில் ஹேவ்' அல்லது 'மஸ்ட் ஹேவ்'. ஆங்கிலேயரும் சில சூழல்களில் வுட் ஹேவ் என்று ஊகம் சொல்வதுண்டு. ஆனால் நாம் போடுகிற எல்லா இடத்திலும் இல்லை.

'இஃப் யூ வுட் ஹேவ் டோல்ட் மீ' என்பதை மட்டும் தமிழின் கணக்கில் எழுதாதீர்கள். அமெரிக்கப் பேச்சில் அது சாதாரணமாக நடமாடுகிறது. எழுத்தில் பிழையாகவே கொள்கிறார்கள். தமிழ் பேசுகிறவர் இரண்டு பாதியையும் 'சொல்லியிருந்தா', 'வந்திருப்பேன்' என்று பிரித்து வைத்திருப்பதால் இந்தத் தப்பைச் செய்யவே தேவையில்லை.

'வாஸ்', 'வேர்' பற்றிச் சுருக்கமாக. பழைய ஆங்கிலத்தில் கற்பனைக்கென்று வினைக்குத் தனி வடிவம் இருந்தது. மற்ற வினைகளில் அது இறந்தகாலத்தோடு கலந்து காணாமல் போய்விட, 'வேர்' மட்டும் ஒற்றையாளாக மிஞ்சியது. 'இஃப் ஐ வேர் யூ' அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் பேச்சில் 'இஃப் ஐ வாஸ்' என்று ஆங்கிலேயர்களே சொல்கிறார்கள். எழுத்தில் வேர் பாதுகாப்பு. ஆனால் இஃப் வந்த இடமெல்லாம் வேர் போடுவதும் தப்பு. 'இஃப் ஐ வாஸ் ரூட் யெஸ்டர்டே, ஐயாம் சாரி' என்பதில் நான் முரட்டுத்தனமாக நடந்திருக்கலாம். அது கற்பனை இல்லை, நேற்று. அங்கே வேர் போட்டால் மன்னிப்பே போலியாகிவிடும்.

மெர்ச்சண்டைசர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்றால், காசுக்கு. பையர் விலையைக் குறைக்கச் சொல்கிறார். 'இஃப் யூ இன்க்ரீஸ் தி ஆர்டர், வி வில் ரெட்யூஸ் தி ப்ரைஸ்' என்று எழுதினால் அது வாக்கு. அவர் ஆர்டரை ஏற்றிவிட்டால் நீங்கள் குறைத்தே ஆக வேண்டும். 'இஃப் யூ இன்க்ரீஸ்ட் தி ஆர்டர், வி வுட் பி ஏபிள் டு லுக் அட் தி ப்ரைஸ்' என்று எழுதினால் சும்மா பேசிப் பார்க்கிறோம் என்று பொருள். எந்தப் பக்கமும் கை நனையவில்லை. பேரம் தொடங்கும்போது இரண்டாவது, முடிக்கும்போது முதலாவது. சில பையர்கள் இந்த ஒரு எழுத்தில் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தாலே எவ்வளவு இறங்கி வருவார்கள் என்று ஊகிக்கலாம். இன்டர்வியூவில் இதற்கு நேர்மாறு. 'இஃப் ஐ காட் திஸ் ஜாப், ஐ வுட் வொர்க் ஹார்ட்' என்றால் இலக்கணம் சுத்தம், ஆனால் வேலை கிடைக்கும் என்று உங்களுக்கே நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும். அங்கே கெட், வில். ஆனால் அவர்கள் 'வாட் வுட் யூ டூ இஃப்' என்று கற்பனைக் கேள்வி கேட்டால் பதிலும் 'ஐ வுட்' என்றே தொடங்கட்டும்.

அக்ரிமென்ட்களில் இஃப் இல்லாமலே நிபந்தனை வரும். 'ஷுட் தி பையர் ரிஜெக்ட் தி கூட்ஸ்' என்பதில் ஷுட் 'கண்டிப்பாக' இல்லை. அது வெறும் இஃப், கோட்டு போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. நிராகரிக்க வேண்டும் என்று படித்துவிட்டுப் பதறி ஓடி வந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். 'ஹேட் வி நோன்' என்றாலும் 'வேர் வி டு அக்ரீ' என்றாலும் அப்படியே. சொந்த மெயிலில் இவற்றை எழுத வேண்டியதில்லை, வாசித்தால் புரிந்தால் போதும்.

கடைசியாகக் கலப்பு டைப். 'ஒழுங்காப் படிச்சிருந்தா இன்னைக்கு நான் கலெக்டர் ஆகியிருப்பேன்' என்று தமிழில் இரண்டு பாதியும் ஒரே அச்சில் வருவதால், ஆங்கிலத்திலும் 'வுட் ஹேவ் பிகம்' என்று போட்டுவிடுகிறோம். அது தப்பில்லை, கலெக்டர் ஆகியிருப்பேன் என்ற அந்த நாளைப் பேசுகிறது. இன்றைய நிலைமைதான் முக்கியம் என்றால் இஃப் பக்கம் இரண்டு படி, பதில் பக்கம் ஒரே படி: 'இஃப் ஐ ஹேட் ஸ்டடீட் ஹார்டர், ஐ வுட் பி எ கலெக்டர் நவ்.' படிக்காமல் விட்டது அன்று, கலெக்டராக இல்லாதது இன்று. எங்கள் வகுப்பில் இந்த வாக்கியத்துக்கு மட்டும் யாருக்கும் இரண்டாவது தடவை விளக்கம் தேவைப்படுவதில்லை.